துணை நடிகை வேலை பற்றி கிருஷ்ணகிரிப் பக்கம் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் இருப்பது கிருஷ்ணகிரி மாவட்டம், சந்தூர்ப் பக்கம். சீரியலிலும் சினிமாவிலும் அம்மா, அத்தை, பக்கத்து வீட்டுக்காரி, ஆஸ்பத்திரி ஆயா, பஞ்சாயத்துக் கூட்டத்தில் பின்வரிசையில் நின்று "அடிப்பாவி" என்று சொல்லும் பெரியம்மா என்று எனக்கு வருவதெல்லாம் இந்த மாதிரி வேடங்கள்தான். பஸ் ஸ்டாண்டில், கல்யாண வீட்டில், மாங்காய் மண்டியில் எங்கே பார்த்தாலும் ஆட்கள் ஒரே கேள்விகளைக் கேட்கிறார்கள். திரும்பத் திரும்பச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலையும் போட்டிருக்கிறேன்.

அக்கா, நீங்க நடிகையா, இல்ல கூட்டத்துல நிக்கறவங்களா?

கூட்டத்தில் நிற்பவர்கள் ஜூனியர் ஆர்ட்டிஸ்ட். அவர்களுக்குத் தனிச் சங்கம் இருக்கிறது, ஏஜென்ட் மூலமாக வருவார்கள், "நாளைக்குக் கோயில் சீன், பெண்கள் இருபது பேர்" என்று ஆள் கணக்கில்தான் கேட்பார்கள். யார் வருகிறார்கள் என்பது முக்கியமில்லை, எத்தனை பேர் என்பதுதான் முக்கியம். அடுத்த படியில் நான் இருக்கிறேன்: எனக்கென்று ஒரு வேடம், சில வரி வசனம், "இந்தம்மாவைக் கூப்பிடு" என்று ஆளைச் சொல்லிக் கூப்பிடுவது. அதற்கும் மேலே குணச்சித்திர நடிகர்கள். எம்.எஸ். பாஸ்கர் மாதிரி ஆட்களை மனதில் வைத்தே வேடம் எழுதுவார்கள், மறைந்த டெல்லி கணேஷுக்கும் அப்படித்தான் எழுதினார்கள்.

கூட்டத்தில் நிற்பவர்களைக் கேவலமாக நினைக்காதீர்கள். வெயிலில் பத்து மணி நேரம் நின்று, ஒவ்வொரு டேக்குக்கும் அதே இடத்தில் அதே மாதிரி திரும்பிப் பார்க்க வேண்டும். பல ஹீரோக்களுக்கு வராத வேலை அது.

எப்படி உள்ள போனீங்க? யாராச்சும் தெரிஞ்சவங்க இருந்தாங்களா?

யாரும் இல்லை. எங்கள் மாந்தோப்பில் ஒரு படத்துக்குச் சில நாள் ஷூட்டிங் நடந்தது, எங்கள் வீட்டை மேக்கப் ரூமாக வாடகைக்கு எடுத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரியாக நடிக்க வேண்டிய அம்மா வரவில்லை. நான் குடத்தோடு அந்தப் பக்கம் போனேன், உதவி இயக்குநர் ஒருவர் "அம்மா, இந்த ஒரு வார்த்தை மட்டும் சொல்லுங்க" என்றார். சொன்னேன். அவ்வளவுதான்.

தொழிலாக ஆனது அந்தப் பையனால்தான். அவர் அடுத்த படத்தில் அசோசியேட், அப்புறம் சீரியலில் எபிசோட் டைரக்டர். போன இடத்திலெல்லாம் என்னைக் கூப்பிட்டார். துணை நடிகர்களுக்கு வேலை கொடுப்பது பெரும்பாலும் டைரக்டர் இல்லை, உதவி இயக்குநர்கள்தான். இன்றைக்கு உங்களுக்கு டீ கொண்டுவந்து கொடுக்கும் பையன் ஐந்து வருடத்தில் எங்கே இருப்பான் என்று சொல்ல முடியாது. அதற்காக மட்டும் மரியாதை கொடுங்கள் என்று சொல்லவில்லை, ஆனால் அதற்காகவும்தான்.

எங்க மாமா பாரதக் கூத்துல திரௌபதி கட்டுவாரு. அவங்களுக்கு சினிமா சுலபமா வருமா?

பாதி சுலபம், பாதி கஷ்டம். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் கோயில் திருவிழாவில் விடிய விடிய ஆடுபவர்களுக்கு ஞாபக சக்தி, தாக்குப்பிடிக்கிற உடம்பு, கூச்சமில்லாத குணம் மூன்றும் தயாராக இருக்கும். கஷ்டம் என்னவென்றால் கடைசி வரிசையில் சாக்கை விரித்து உட்கார்ந்திருக்கும் பாட்டிக்குக் கேட்கிற மாதிரிப் பேசிப் பழகியவருக்கு, கேமரா ஒரு முழ தூரத்தில் இருப்பது புரியவே நாளாகும். எனக்குத் தெரிந்த ஒரு கூத்துக்காரர் முதல் ஷாட்டில் "மகனே" என்று கூப்பிட்டதும் சவுண்டு இன்ஜினியர் ஹெட்போனைக் கழற்றிவிட்டார். மதியத்துக்குள் சரிசெய்துகொண்டார், நன்றாகவே செய்தார்.

மேடையில் இருந்து வந்தவர்கள் நிறைய. மனோரமா நாடகத்தில் இருந்து வந்து 1958ல் 'மாலையிட்ட மங்கை'யில் தொடங்கி ஆயிரம் படங்களுக்கு மேல் நடித்தார். பூர்ணம் விஸ்வநாதன் ரேடியோவில் செய்தி வாசித்தவர், நாடகக்காரர். ந. முத்துசாமி 1977ல் தொடங்கிய கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவில் இருந்து பசுபதி, குரு சோமசுந்தரம் எல்லாம் வந்தார்கள். விஜய் சேதுபதி அங்கே கணக்கு எழுதும் வேலையில் இருந்தவர்.

ஆடிஷனுக்கு என்ன எடுத்துட்டுப் போகணும்? போட்டோ ஷூட் பண்ணணுமா?

வேண்டாம். போனில் பகல் வெளிச்சத்தில் மேக்கப் இல்லாமல் எடுத்த மூன்று போட்டோ போதும்: நேராக, பக்கவாட்டில், முழு உருவம். ஒரு நிமிட வீடியோவில் பெயர், வயது, உயரம், ஊர், என்னென்ன மொழி தெரியும் என்று சொல்லுங்கள். ஃபில்டர் போடாதீர்கள். அவர்கள் தேடுவது அழகை இல்லை, "இந்த முகம் கதாநாயகிக்கு அத்தை மாதிரி இருக்குமா" என்பதைத்தான். போட்டோவில் முப்பது வயதாகத் தெரிந்து நேரில் ஐம்பதாக நின்றால் அவர்களுக்கும் ஒரு நாள் வீண், உங்களுக்கும் பஸ் காசு வீண்.

புடவை இரண்டு மூன்று எடுத்துப் போங்கள், பளபளப்பு இல்லாததாக. சின்ன வேடங்களுக்குப் பாதி நேரம் நம் துணிதான்.

50,000 கட்டினா சீரியல்ல ரோல் தர்றேன்னு ஒருத்தர் சொல்றாரு, கட்டலாமா?

கூடாது. நடிப்பதற்கு நமக்குத்தான் பணம் தர வேண்டும். "ரெஜிஸ்ட்ரேஷன்", "போர்ட்ஃபோலியோ", "காஸ்ட்யூம் டெபாசிட்" என்று எந்தப் பெயரில் கேட்டாலும் அதே பதில்தான். ஓசூரில் லாட்ஜ் ரூம் போட்டு ஆடிஷன் நடத்தி, வந்த எல்லோரையும் "செலக்ட்" என்று சொல்லிப் பணம் வாங்கிக்கொண்டு போனதை எங்கள் பக்கத்து ஆட்களே பார்த்திருக்கிறார்கள். எல்லோரும் தேர்வாகிற ஆடிஷன் எங்கேயும் கிடையாது.

சங்கத்துல கார்டு இல்லாம நடிக்க விடுவாங்களா?

எனக்கு முதல் சில வேடங்களுக்கு யாரும் கேட்கவில்லை. தொடர்ந்து வேலை வர ஆரம்பித்தால் கேட்பார்கள். சினிமாவுக்குத் தென்னிந்திய நடிகர் சங்கம், 1952ல் தொடங்கியது, தி.நகரில். சீரியலுக்குச் சின்னத்திரை நடிகர் சங்கம். டப்பிங் பேசுகிறவர்களுக்கு வேறு. பெப்சி என்று பேப்பரில் அடிபடுவது தொழிலாளர், தொழில்நுட்பக் கலைஞர்களின் சங்கங்கள் சேர்ந்த சம்மேளனம், நடிகர் சங்கம் அதற்குள் வராது. "கார்டு எடுத்துத் தர்றேன்" என்று நடுவில் யாராவது வந்தால் மேலே சொன்ன பதிலையே இன்னொரு தரம் படியுங்கள். கட்டணத்தை நேரில் ஆபீஸில் கட்டி ரசீது வாங்குங்கள்.

ஒரு நாளைக்கு எவ்வளவு தருவாங்க?

தொகையைச் சொல்ல மாட்டேன், ஏனென்றால் அடுத்த வாரம் யாராவது "சந்தூர் அக்கா இவ்வளவு வாங்குறாங்களாம்" என்று ரேட் பேசுவார்கள். கணக்கு எப்படி ஓடுகிறது என்று மட்டும் சொல்கிறேன். ஒரு கால்ஷீட்டுக்கு, அதாவது ஒரு ஷிஃப்ட் வேலைக்கு, இவ்வளவு என்று பேசுவார்கள், நேரம் தாண்டி இரவு இழுத்தால் ஒன்றரைக் கால்ஷீட் என்று கேட்க வேண்டும், கேட்காவிட்டால் கிடைக்காது. பேட்டா என்கிற தினப்படி தனியா, சம்பளத்துக்குள்ளேயா, வண்டி உண்டா, பஸ் காசு தருவார்களா, இதையெல்லாம் கிளம்புவதற்கு முன்னால் வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிவிடுங்கள். போனில் பேசியது காற்றோடு போகும். மேனேஜர் மூலமாக வந்த வேலை என்றால் அவர் கமிஷனும் இருக்கிறது.

ஜூனியர் ஆர்ட்டிஸ்டுக்கு அன்றன்றைக்கே கணக்கு முடிந்துவிடும். எங்களுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் வரும், சில சமயம் வரவே வராது. ஒரு படத்தில் எனக்கு இன்னும் பாக்கி இருக்கிறது, படம் வந்து ஓடியும் போய்விட்டது. அதனால் ஒரு நோட்டுப் போட்டுத் தேதி, இடம், கூப்பிட்டவர் பெயர், பேசிய தொகை, வந்த தொகை எழுதி வையுங்கள். அப்புறம் வருமான வரிக்காக முன்கூட்டியே 10 சதவீதம் டி.டி.எஸ். என்று பிடிப்பார்கள், பான் கார்டு கொடுக்காவிட்டால் 20. வருமானம் குறைவாக இருந்தால் ரிட்டர்ன் போட்டுப் பிடித்ததைத் திரும்ப வாங்கலாம். எத்தனையோ பேர் அதைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.

சினிமாவா சீரியலா, எது நல்லது?

சோறு போடுவது சீரியல். மாதத்தில் சில நாள் உறுதி, அதே வீட்டு செட், அதே ஆட்கள். உங்கள் பாத்திரத்தைச் சாகடிக்காத வரைக்கும், அல்லது "அமெரிக்காவுக்கு மகன் வீட்டுக்கு" அனுப்பாத வரைக்கும் வருமானம் ஓடும். பேர் வாங்கித் தருவது சினிமா, ஆனால் அது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. இரண்டுக்கும் ஒரே தேதி விழுந்தால் முதலில் வாக்குக் கொடுத்தது எதுவோ அதற்குத்தான் போக வேண்டும்.

வசனம் எல்லாம் மனப்பாடமா?

சீரியலில் காலையில்தான் பேப்பர் வரும், சில நாள் மேக்கப் போட்டு உட்கார்ந்த பிறகு வரும். அதனால் ப்ராம்ப்டிங். கேமராவுக்குப் பின்னால் ஒரு உதவி இயக்குநர் வரியைப் படிப்பார், நாம் அதை வாங்கி உணர்ச்சியோடு சொல்ல வேண்டும். பார்க்கச் சுலபம். கஷ்டமே கண்ணில்தான் இருக்கிறது: குரல் வருகிற பக்கம் கண் போகக்கூடாது, அடுத்த வரிக்காகக் காத்திருப்பது முகத்தில் தெரியக்கூடாது. அந்த இடைவெளியில் பெருமூச்சு விடுவது, முந்தானையை இழுத்து விடுவது, எதிரில் இருப்பவரை ஏற இறங்கப் பார்ப்பது என்று ஆளுக்கொரு தந்திரம் வைத்திருப்பார்கள். சீரியலில் மாமியார்கள் ஏன் இவ்வளவு முறைக்கிறார்கள் என்று கேட்பீர்களே, பாதி முறைப்பு வசனத்துக்காகக் காத்திருப்பது.

ஷூட்டிங்கிலேயே ஒலிப்பதிவு செய்கிற படங்களில் இது நடக்காது. முழுசாகப் பாடம் பண்ணித்தான் ஆக வேண்டும்.

சாப்பிடற சீன்ல நிஜமாவே சாப்பிடுவீங்களா?

ஆமாம், அதனால்தான் அனுபவசாலிகள் சின்ன விள்ளலாகப் பிய்ப்பார்கள். "பண்ணிட்டியா" என்கிற வார்த்தையில் இட்லியைத் தொட்டால், அடுத்த டேக்கிலும், குளோசப்பிலும், எதிரில் இருப்பவர் தோளுக்குப் பின்னால் கேமரா வைத்து எடுக்கும்போதும் அதே வார்த்தையில்தான் தொட வேண்டும். இல்லாவிட்டால் எடிட்டிங்கில் ஒட்டாது. எந்தக் கையில் எத்தனை வளையல், தாலி முந்தானைக்கு உள்ளேயா வெளியேயா, டம்ளரில் தண்ணீர் எந்த அளவு, எல்லாவற்றையும் கன்டினியூட்டி பார்க்கும் பையன் போட்டோ எடுத்து வைத்திருப்பான். ஆனாலும் நம்முடையதை நாமே ஞாபகம் வைத்திருந்தால் அடுத்த தடவையும் கூப்பிடுவார்கள். ஆறிப்போன இட்லியை மத்தியானம் வரைக்கும் மென்ற நாளில் வீட்டில் ராத்திரிச் சாப்பாடே வேண்டாம் என்று படுத்திருக்கிறேன்.

டிவில பாத்தேன், முகம் உங்களுது, குரல் வேறயா இருந்துச்சே?

வேறு ஒருவர் பேசியிருப்பார். டப்பிங் நடந்த நாளில் நான் ஊரில் இருந்தேன், நாலு வரிக்காக என்னை வரவழைப்பதைவிடச் சென்னையில் இருக்கிற ஒரு டப்பிங் ஆர்ட்டிஸ்டைப் பேச வைப்பது அவர்களுக்கு லாபம். இதைத் தவிர்க்க வேண்டும் என்றால் டப்பிங் தேதிக்கு நானே வருகிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், அதற்குத் தனிப் பணம் வராமல்கூடப் போகலாம். நான் போகிறேன், ஏனென்றால் நம் குரல் இல்லாத நடிப்பை நாம் நடித்தது என்று சொல்லிக்கொள்ள எனக்கு வாய் வருவதில்லை. குரலே ஒரு பிழைப்பு என்பதையும் சொல்ல வேண்டும். எம்.எஸ். பாஸ்கர் திரையில் முகம் தெரிந்த அளவுக்கு டப்பிங்கிலும் உழைத்தவர்.

நம்ம ஊர்ப் பேச்சு பேசினா ஏத்துக்குவாங்களா?

சினிமாவுக்குத் தமிழ்நாட்டில் மதுரை, கோவை, திருநெல்வேலி, சென்னை என்று நாலு ஊர்தான் தெரியும். நம் பேச்சு எதிலும் சேராது. "கிராமத்து ஸ்லாங்ல பேசுங்கம்மா" என்பார்கள், நான் எங்கள் ஊர் மாதிரிப் பேசினால் "இது இல்ல, மதுரை மாதிரி" என்பார்கள். எரிச்சலாகத்தான் இருக்கும், பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

ஆனால் நமக்கு ஒரு லாபம் இருக்கிறது. ஓசூர், தேன்கனிக்கோட்டை, வேப்பனப்பள்ளிப் பக்கத்து ஆட்களுக்குத் தெலுங்கும் கன்னடமும் வீட்டிலேயே வரும். ஓசூரில் இருந்து பெங்களூரு 40 கிலோமீட்டர்தான். மூன்று மொழி பேசுகிற அத்தைக்கு வேலை அதிகம், போட்டோவோடு அனுப்பும் வீடியோவில் மொழியைச் சொல்லச் சொன்னது இதற்காகத்தான்.

சென்னைல வீடு எடுக்கணுமா, கிருஷ்ணகிரில இருந்துக்கிட்டே முடியுமா?

எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியமான கேள்வி, ஆனால் இதைக் கடைசியாகத்தான் கேட்கிறார்கள். முடியும், ஆனால் விலை உண்டு. இந்தத் தொழிலில் நடிப்பு இரண்டாவது, கூப்பிட்டால் வந்து நிற்பது முதலாவது. ராத்திரி எட்டு மணிக்குப் போன் வரும்: "அம்மா, காலைல ஆறரைக்கு வந்துடுவீங்களா?" வளசரவாக்கத்தில் இருப்பவர் "வந்துடறேன் தம்பி" என்று சொல்லிவிட்டுத் தூங்கலாம். நான் சுமார் 250 கிலோமீட்டர் போக வேண்டும், கிருஷ்ணகிரி டவுனில் ரயில் நிலையமே கிடையாது. பத்து மணி பஸ், தூக்கம் பாதி, மூன்று நான்கு மணிக்கு இறங்கிப் பஸ் ஸ்டாண்டில் முகம் கழுவி, கட்டணக் கழிப்பிடத்தில் புடவை மாற்றி, சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே போய் உட்கார வேண்டும். ஈ.வி.பி. ஃபிலிம் சிட்டியில் ஷூட்டிங் என்றால் மட்டும் எனக்குக் கொண்டாட்டம், அது செம்பரம்பாக்கத்தில் நம் பெங்களூரு ஹைவேயிலேயே இருக்கிறது, ஊருக்குள் போகாமலே இறங்கிவிடலாம்.

"ஊர்ல இருக்கேன், வர முடியாது" என்று அடுத்தடுத்து இரண்டு தடவை சொன்னால் மூன்றாவது போன் வராது. கோபத்தில் இல்லை, அவர்கள் லிஸ்டில் அடுத்த பெயருக்குப் போய்விடுவார்கள். மாங்காய் அறுவடை சமயத்தில், மே, ஜூன் மாதம், தோப்பில் ஆள் வைத்து வேலை நடக்கும்போதுதான் நல்ல வேடமாக வரும், எப்படித்தான் தெரியுமோ. ஒரு வருடம் என் வீட்டுக்காரர் ஒற்றை ஆளாய் லோடு ஏற்றினார், அதை இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார்.

வயது குறைவு, குடும்பப் பொறுப்பு இல்லை என்றால் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து சாலிகிராமம், வடபழனிப் பக்கம் ரூம் எடுங்கள். எங்களைப் போல் நிலமும் வீடும் உள்ளவர்கள் சென்னையில் ராத்திரி தங்க ஒரு சொந்தக்காரர் வீட்டையாவது முதலில் பேசி வையுங்கள். அது இல்லாமல் இறங்காதீர்கள்.

செத்த மாதிரி நடிக்கறது அபசகுனம் இல்லையா அத்தை?

நம் ஊரில் படுகளத்தில் துரியோதனனைக் கிடத்தி ஒப்பாரி வைப்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான், அதனால் எனக்குப் பயம் இல்லை. யூனிட்டில்தான் பயப்படுவார்கள். பிண வேடம் முடிந்ததும் எழுந்து உட்கார வைத்து, கேமராவைப் பார்த்துச் சிரிக்கச் சொல்லி ஒரு ஷாட் எடுப்பது பல இடங்களில் வழக்கம். அது படத்தில் வராது, தோஷம் கழிய.

உண்மையான கஷ்டம் வேறு. மூக்கில் பஞ்சு, தாடைக்குத் துணிக்கட்டு, நெற்றியில் ஒரு ரூபாய் நாணயம், மேலே ரோஜா மாலை, மாலையில் எறும்பு. லைட் சூட்டில் வேர்க்கும், பிணத்துக்கு வேர்க்கக் கூடாது என்று டச்சப் பையன் துடைத்துக்கொண்டே இருப்பான். "ஆக்‌ஷன்" சொன்னதும் மூச்சை வயிற்றோடு அடக்க வேண்டும், அந்த நேரம் பார்த்து மகளாக நடிக்கிற பெண் நம் நெஞ்சின் மேலேயே விழுந்து அழும். வசனம் ஒன்றுகூட இல்லாத அந்த வேடத்துக்குக் கொஞ்சம் அதிகமாகவே கேளுங்கள், தருவார்கள்.

எங்க பையனுக்கு எட்டு வயசு, நல்லா டான்ஸ் ஆடுவான். நடிக்க விடலாமா?

விடலாம், சட்டம் தெரிந்துகொண்டு. குழந்தைத் தொழிலாளர் விதிகளில் 2017ல் கொண்டுவந்த திருத்தப்படி, 14 வயதுக்குக் கீழ் இருந்தால் தயாரிப்பாளர் மாவட்ட நிர்வாகத்திடம் அனுமதி வாங்க வேண்டும். ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஓய்வில்லாமல் 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது, தொடர்ந்து 27 நாளுக்கு மேல் கூடாது. சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதம் பிள்ளை பெயரில் வங்கி டெபாசிட்டில் போட வேண்டும். "இதெல்லாம் யாருங்க பாக்கறாங்க" என்று சிரிப்பார்கள். நீங்கள் பாருங்கள்.

பொண்ணு மட்டும் தனியா போகலாமா?

முதல் சில தடவை துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். நான் அப்படித்தான் போனேன். ஆபீஸ், ஸ்பாட் தவிர வேறு எங்கே "மீட்டிங்" என்றாலும் போகக்கூடாது, அதிலும் ராத்திரியில். 10 பேர் வேலை செய்யும் எந்த இடத்திலும் பாலியல் புகாரை விசாரிக்க உள் புகார்க் குழு இருக்க வேண்டும் என்று 2013 சட்டம் சொல்கிறது. மலையாள சினிமாவில் பெண்கள் படும் பாட்டைப் பற்றிக் கேரளாவில் 2024ல் ஹேமா கமிட்டி அறிக்கை வந்த பிறகு இங்கேயும் இதைப் பற்றிப் பேச்சு கூடியிருக்கிறது. பேச்சு மட்டும் கூடினால் போதாது. உடை மாற்ற மறைவான இடமும் கழிப்பிடமும் இல்லாத அவுட்டோர் ஷூட்டிங் இன்னும் நிறைய. அதைக் கேட்டு வாங்குங்கள், கேட்டால் "ஓவர் சீன்" என்பார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும்.

படத்துல உங்க சீனையே தூக்கிட்டாங்கன்னா பணத்தத் திருப்பிக் கேப்பாங்களா?

கேட்க மாட்டார்கள். நடித்த நாளுக்குத்தான் சம்பளம், வெட்டுவது எடிட்டர் பாடு. வலிக்கிறது வேறு இடத்தில். ஊரில் முப்பது பேரைக் கூட்டிக்கொண்டு தியேட்டருக்குப் போய், இடைவேளை வரைக்கும் வரவில்லை, கிளைமாக்ஸிலும் வரவில்லை என்றால் திரும்பி வருகிற வண்டியில் யாரும் பேச மாட்டார்கள். படம் பார்த்து நான் இருக்கிறேன் என்று தெரிந்த பிறகு சொந்தக்காரர்களிடம் சொல்வதே நல்லது.

எப்பவும் அம்மா வேஷமே கட்டறீங்களே, பெரிய ரோல் வரலன்னு வருத்தம் இல்லையா?

இருக்கும், சில நாள். ஆனால் நான் தோற்றுப்போன கதாநாயகி இல்லை. துணை வேடம் தனித் தொழில். தேசிய விருதில் துணை நடிகருக்கென்று 1984ல் இருந்து தனிப் பிரிவே இருக்கிறது. நாகேஷுக்கு 'நம்மவர்' படத்துக்குத்தான் அது கிடைத்தது, அத்தனை வருட நகைச்சுவைக்கு அப்புறம். 2025ல் அறிவித்ததில் 'பார்க்கிங்' படத்துக்காக எம்.எஸ். பாஸ்கருக்கு. எனக்கு விருது வரப்போவதில்லை, அது தெரியும். சந்தையில் கீரை வாங்கும்போது ஒரு பாட்டி வந்து "ஏம்மா மருமகள அப்படிக் கொடும பண்ற" என்று என் கையில் அடித்தார், கீரைக்காரம்மா அன்றைக்குக் காசு வாங்கவில்லை.

என் நம்பர உங்க டைரக்டர்கிட்ட குடுக்கறீங்களா?

டைரக்டரிடம் கொடுக்கிற அளவுக்கு எனக்குச் செல்வாக்கு இல்லை. ஆனால் "கிராமத்து முகம் வேணும், யாராவது இருக்காங்களா" என்று உதவி இயக்குநர்கள் அடிக்கடி கேட்பார்கள், அப்போது அனுப்புவேன். ஆடிஷன் கேள்விக்குச் சொன்ன பதில்படி மூன்று போட்டோவும் வீடியோவும் தயாராக வைத்திருங்கள். ராத்திரி பத்து மணி பஸ்ஸைப் பிடிக்க முடியுமா, முடியாதா என்பதையும் கூடவே எழுதுங்கள். ஃபில்டர் போட்ட போட்டோ வந்தால் நான் யாருக்கும் அனுப்ப மாட்டேன்.